ஒரு வேதபகுதி, நான்கு படைப்புகள்: கிறிஸ்தவக் கதை, நாடகம், கட்டுரை எழுத முழுமையான வழிகாட்டி

கிறிஸ்தவக் கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முடிவைத்தான் முதலில் எழுதுகிறார்கள். "ஆகவே நாமும்" என்று தொடங்கும் கடைசி வாக்கியம் மனதில் தயாராக இருக்கும். அதற்குப் பொருத்தமான கதையைப் பிறகு தேடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன்.

பேதுரு சிறையிலிருந்து விடுதலையான சம்பவத்தைச் சிறுவர் நாடகமாக எழுதி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து கேட்டாள்: "பேதுருவுக்கு தேவதூதன் வந்தாரு. யாக்கோபுக்கு ஏன் வரலை?" என் நாடகத்தில் யாக்கோபே கிடையாது. அவள் வீட்டில் வேதாகமத்தைத் திறந்து, யாக்கோபு கொல்லப்பட்டதைச் சொல்லும், நான் வெட்டிவிட்ட இரண்டாம் வசனத்தையும் படித்துவிட்டு வந்திருந்தாள். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியை மறைத்து எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் அதே பகுதியை, அப்போஸ்தலர் 12:1-17ஐ, இந்த வழிகாட்டி முழுவதும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே பகுதியிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கதை, எல்லாரும் பார்க்க ஒரு நாடகம், பெரியவர்களுக்கு ஒரு சிறுகதை, ஒரு கட்டுரை என்று நான்கையும் எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

படி 1: தெரிந்த கதை என்று நினைக்காமல் படியுங்கள்

நமக்கு மிகவும் பழகிய கதைகளில்தான் தவறு நுழைகிறது. சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. ஏதேனில் தின்ற கனி என்ன கனி என்று ஆதியாகமம் சொல்லவில்லை. தமஸ்கு வழியில் சவுல் தரையில் விழுந்தார். குதிரையிலிருந்து விழுந்ததாக அப்போஸ்தலர் 9இல் எதுவும் இல்லை. கிறிஸ்மஸ் நாடகங்களில் கதவைச் சாத்தும் சத்திரக்காரர் லூக்கா 2இல் தென்படவே மாட்டார்; சத்திரத்தில் இடமில்லை என்ற ஒரு வரிதான் உண்டு. சத்திரக்காரரை மேடையில் வைப்பது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நம் கற்பனை என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பகுதியை ஐந்து முறை படியுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை வாய்விட்டு. மூன்றாவது முறை பென்சிலோடு, யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும். நான்காவது முறை சத்தம், வெளிச்சம், கை, கால், கதவு போன்றவற்றை மட்டும் குறியுங்கள். ஐந்தாவது முறை உங்கள் பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களோடு சேர்த்து.

நம் பகுதியில் கிடைப்பதைப் பாருங்கள். ஏரோது ராஜா யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். பிறகு பேதுருவைப் பிடிக்கிறான். நாலு பேராக நாலு வகுப்புச் சேவகர், அதாவது 16 பேர் காவல். பேதுரு இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு இரண்டு சேவகர் நடுவே தூங்குகிறார். மறுநாள் வெளியே கொண்டுவரப் போகிறார்கள், அவர் தூங்குகிறார்! தூதன் வருகிறான், அறையில் வெளிச்சம், விலாவில் ஒரு தட்டு, சங்கிலி விழுகிறது. நகரத்துக்குப் போகும் இருப்புக்கதவு "தானாய்" திறக்கிறது. ஒரு வீதி நெடுக நடந்ததும் தூதன் போய்விடுகிறான். பேதுரு, மாற்கு என்னும் யோவானின் தாயான மரியாளின் வீட்டுக்குப் போய்த் தட்டுகிறார். ரோதை என்ற பெண் வருகிறாள், குரலை அடையாளம் கண்டுகொள்கிறாள், சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். உள்ளே ஊக்கத்தோடு ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள்.

நான்காவது வாசிப்பில், கதவை மட்டும் தேடிப் படித்தபோதுதான் எனக்கு இது கண்ணில் பட்டது: ராஜாவின் இருப்புக்கதவு தானாகத் திறந்தது, ஜெபித்தவர்களின் வீட்டுக்கதவு திறக்கவில்லை. நாடகம் மொத்தமும் அந்த இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருக்கிறது. இதை நான் கண்டுபிடித்து ஒட்டவைக்க வேண்டியதில்லை, அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதிய லூக்கா ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்.

ஐந்தாவது வாசிப்பில் 19ஆம் வசனம் வரும். பேதுருவைக் காணோம் என்றதும் ஏரோது காவற்காரரை விசாரித்துக் கொலைசெய்யக் கட்டளையிடுகிறான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: வேதம் சொல்லாததைத் தனித்தாளில் எழுதுங்கள்

ரோதையின் வயது சொல்லப்படவில்லை. யாக்கோபுக்காகவும் இதே வீட்டில் ஜெபித்தார்களா என்று சொல்லப்படவில்லை. யாக்கோபின் அம்மா அன்றிரவு எங்கே இருந்தார் என்று சொல்லப்படவில்லை. பேதுரு "வேறொரு இடத்திற்கு" போனார். எந்த இடம் என்று இல்லை.

இந்தத் தாள்தான் உங்கள் புனைவின் நிலம். வேதம் சொன்னதை மாற்றாதீர்கள். சொல்லாத இடத்தில் கட்டுங்கள், கட்டியது உங்களுடையது என்று முன்னுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் எவ்வளவு கண்டிப்பான வாசகரும் உங்களோடு வருவார்.

இயேசு பேசும் காட்சிகளில் மட்டும் நான் இந்தச் சுதந்திரத்தை எடுப்பதில்லை. சுவிசேஷங்களில் உள்ள வார்த்தைகளையே அவர் வாயில் வைக்கிறேன், மற்ற நேரம் அவர் செய்கையைக் காட்டுகிறேன். இது சட்டம் இல்லை, என் மனசாட்சி. உங்களுக்கான கோட்டை எழுதத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: யாருடைய கண் என்று முடிவுசெய்யுங்கள்

"பிள்ளைகளுக்கு", "பெரியவர்களுக்கு" என்று பிரிப்பதோடு நிறுத்தாதீர்கள். கதையை யார் பார்க்கிறார் என்பதையும் முடிவுசெய்யுங்கள். பிள்ளைகளுக்கு ரோதை. பெரியவர்களுக்கு யாக்கோபின் அம்மா. ஒரு காவற்காரனின் பார்வையில் எழுதினால் முழுக்க வேறொரு கதை வரும்.

வேதாகமத்தில் சிறுவர் கதைக்கு ஏற்ற, அதிகம் பேசப்படாத சிறியவர்கள் நிறைய இருக்கிறார்கள். நாகமான் வீட்டில் சிறைப்பட்டு வந்த சின்னப் பெண் 2 இராஜாக்கள் 5இல் பேசுவது ஒரே ஒரு வாக்கியம், அவள் பெயரும் நமக்குத் தெரியாது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த சம்பவம் நான்கு சுவிசேஷங்களிலும் உண்டு. ஐந்து வாற்கோதுமை அப்பம் வைத்திருந்த பையன் யோவானில் மட்டும்தான் வருகிறான், ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பவுல் நெடுநேரம் பேசியபோது ஜன்னலில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு என்ற வாலிபனை எந்தப் பிள்ளை விரும்பாது!

படி 4: சின்னப் பிள்ளைகளுக்கான கதை

நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை என்றால் 400 சொற்களுக்குள் முடியுங்கள். ஒரே சம்பவம், ஒரே இரவு, திரும்பத் திரும்ப வரும் ஒரு சத்தம். நம் கதையில் அது இலவசமாகக் கிடைக்கிறது: தட், தட், தட். பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருக்கட்டும். மூன்றாம் முறைக்குள் பிள்ளைகளே தரையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

யாக்கோபை என்ன செய்வது? என் பழைய தவறு இங்கேதான் நடந்தது. பட்டயத்தை வர்ணிக்க வேண்டாம், ஆனால் மரணத்தை மறைக்கவும் வேண்டாம். மூன்று சின்ன வாக்கியம் போதும்:

"ராஜா யாக்கோபைக் கொன்றுபோட்டான். எல்லாரும் அழுதார்கள். இப்போது பேதுருவையும் பிடித்துவிட்டான்."

பிள்ளைகளுக்கு இழப்பு தெரியும். தாத்தா இறந்துபோன வீட்டுப் பிள்ளை, "ஜெபித்தால் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள்" என்ற கதையைக் கேட்டால் தன் ஜெபத்தில்தான் ஏதோ குறை என்று நினைக்கும். அந்தப் பிள்ளையை மனதில் வைத்து எழுதுங்கள்.

இன்னொன்று: ரோதையைத் திருத்தாதீர்கள். கடைசியில் ஒரு பெரியவர் வந்து "இனிமேல் கதவைத் திறந்துவிட்டு ஓட வேண்டும், சரியா?" என்று அறிவுரை சொல்லும் பக்கம் எழுதத் தோன்றும். வேண்டாம். அவள் சந்தோஷத்தில் மறந்தாள், அது அப்படியே இருக்கட்டும்.

எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கு அதே கதையை நாலு மடங்கு நீளத்தில் எழுதலாம். அவர்கள் "ஏன்?" என்று கேட்கும் வயதில் இருக்கிறார்கள். ரோதையையே அந்தக் கேள்வியைக் கேட்க வையுங்கள், மரியாள் "தெரியலை" என்று சொல்லட்டும்.

படி 5: நாடகம்

மேடையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் சிறை, மறுபக்கம் வீடு. நடுவில் ஒரு கதவுச் சட்டம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். சங்கிலி விழும்போது வீட்டில் முழங்காலில் இருப்பவர்கள் பார்வையாளருக்குத் தெரிவார்கள், ஆனால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. இது தெரிந்த பார்வையாளர்தான் பிறகு ரோதைக்காகத் தவிப்பார்.

தூதனுக்குச் சிறகு கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வசனம் தருவது வெளிச்சமும் ஒரு குரலும் விலாவில் ஒரு தட்டும். பேதுருவே அதைத் தரிசனம் என்றுதான் நினைத்தார். ஒரு விளக்கும் மேடைக்கு வெளியேயிருந்து ஒரு குரலும் போதும். அட்டைச் சிறகு வந்தால் பார்வையாளரின் கண் அதிலேயே நின்றுவிடும்.

நிறையப் பிள்ளைகளுக்கு வேடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் எல்லாருக்கும் உண்டு. லூக்கா 16 சேவகர்களைத் தந்திருக்கிறார். பேச்சு இல்லை, ஆனால் வேலை உண்டு. நாலு நாலு பேராகக் காவல் மாறட்டும். அந்த நடையே இரவு நகர்வதைக் காட்டும். அதே சேவகரில் எட்டுப் பேர் தோளோடு தோள் நின்று இருப்புக்கதவாகலாம். பேதுரு நெருங்கியதும் ஒரு சொல்லும் இல்லாமல் விலகுவார்கள்.

வசனம் எழுதும்போது பேச்சுத் தமிழைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். வேதாகமத் தமிழ் அழகானது. ஆனால் பயத்தில் இருப்பவர்கள் "இதோ, யாரோ ஒருவர் கதவண்டையில் நிற்கிறார்" என்று பேசினால் மேடையில் பயம் இருக்காது. வேதவசனத்தை யாராவது சொல்லும் இடத்திலும் அறிவிப்பவர் குரலிலும் மட்டும் வேதாகமத் தமிழை வையுங்கள். அந்த மாற்றமே வசனத்துக்கு ஒரு கனத்தைத் தரும்.

கதவுக் காட்சியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

(தட்டும் சத்தம். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிற்கிறார்கள். ஒருவர் விளக்கைத் துணியால் மறைக்கிறார்.)

மரியாள்: (மெல்ல) ரோதை, போய்ப் பாரு. திறந்துடாதே. யாருன்னு மட்டும் கேளு.

ரோதை: (கதவருகே) யாரு?

பேதுரு: நான்தான்மா.

(ரோதையின் கை தாழ்ப்பாளுக்குப் போகிறது. நிற்கிறது. அவள் திரும்பி ஓடுகிறாள்.)

ரோதை: அம்மா! பேதுரு ஐயா! பேதுரு ஐயா வாசல்ல நிக்கிறாரு!

முதியவர்: சத்தம் போடாதே. தூக்கக் கலக்கத்துல பிதற்றுறே.

ரோதை: இல்லைங்கய்யா, அவரு குரல் எனக்குத் தெரியாதா?

முதியவர்: அவரு ரெண்டு சங்கிலியில கிடக்காரும்மா. நாங்க அவருக்காகத்தான் ஜெபம் பண்ணிட்டிருக்கோம். குறுக்கே பேசாதே.

(தட்டும் சத்தம்.)

ரோதை: தட்டுறாரே, கேக்கலையா?

இன்னொருவர்: (நடுங்கி) அவருடைய தூதனா இருக்கும்.

(தட்டும் சத்தம், பலமாக. யாரும் அசையவில்லை.)

"குறுக்கே பேசாதே" என்ற இடத்தில் பார்வையாளர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் நடிப்பவர்கள் சிரிப்புக்காக நடிக்கக் கூடாது. அந்த முதியவர் உண்மையிலேயே பயத்திலும் துக்கத்திலும் இருக்கிறார். சில நாள் முன்பு யாக்கோபை இழந்தவர். பழைய தமிழ் வேதாகமம் ரோதை "ஒற்றுக்கேட்க வந்தாள்" என்று எழுதியிருக்கிறது. விருந்தாளியை வரவேற்க வந்தவளுக்கு அந்தச் சொல் வராது. வந்திருப்பது சேவகராகவும் இருக்கலாம் என்ற அச்சம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இயக்குநர் நடிகர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நேரம் 15 நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாடகம் முடிந்ததும் ஒருவர் மேடைக்கு வந்து கருத்தை விளக்கும் வழக்கம் இருந்தால், அவரை அன்பாக வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பிரசங்கம் முன்பே இருக்கட்டும்.

படி 6: பெரியவர்களுக்கான சிறுகதை

செபெதேயுவின் மனைவி, யாக்கோபுக்கும் யோவானுக்கும் அம்மா. மத்தேயு 20இல் இவர் இயேசுவிடம் வந்து தன் பிள்ளைகள் இருவரும் அவருடைய ராஜ்யத்தில் வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் உட்கார வேண்டும் என்று கேட்கிறார். இயேசு, தாம் குடிக்கப்போகும் பாத்திரத்தில், அதாவது பாடுகளில், அவர்களும் குடிக்கக் கூடுமா என்று கேட்கிறார். கூடும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். "என் பாத்திரத்தில் நீங்கள் குடிப்பீர்கள்" என்கிறார். பிறகு மத்தேயு 27இல் சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்த பெண்களில் இவரும் ஒருவர். அப்போஸ்தலர் 12இல் இவர் இல்லை.

இவரை மரியாளின் வீட்டில் உட்கார வையுங்கள். கதவு கடைசியில் திறக்கிறது, பேதுரு உயிரோடு நிற்கிறார், வீடு முழுக்க ஆனந்தம். இவர் எங்கே பார்க்கிறார்? பேதுருவின் மணிக்கட்டில் சங்கிலித் தழும்பையா? அவருக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று இருட்டையா? பேதுரு இவரைப் பார்க்கும்போது என்ன செய்வார்?

இந்தக் கதையில் நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டிய ஒரே கஷ்டம், பதில் எழுதாமல் இருப்பது. தூதன் கனவில் வந்து காரணம் சொல்வதும், பேதுரு இரண்டு பத்தி ஆறுதல் பேசுவதும் கை தானாக எழுதப் பார்க்கும் காட்சிகள். லூக்கா காரணம் சொல்லவில்லை. இதே லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் கெட்ட குமாரன் உவமை மூத்த மகன் வெளியே நிற்க, தகப்பன் கெஞ்சிக்கொண்டிருக்க, அப்படியே முடிகிறது. அவன் உள்ளே வந்தானா என்று தெரியாது. யோனாவின் புத்தகம் கர்த்தர் கேட்கும் கேள்வியோடு முடிகிறது. நம் கதையும் அப்படி முடியலாம்.

ஒரு எச்சரிக்கை. யாக்கோபைக் கொன்றது யூதருக்குப் பிரியமாயிருந்தது என்று மூன்றாம் வசனம் சொல்கிறது. இதை வைத்து ஒரு இனத்தையே வில்லனாக்கி எழுதிவிடாதீர்கள். பேதுருவும் யாக்கோபும் மரியாளும் யூதர்களே. கொலை செய்தது ஒரு ராஜா, அவனுக்கு அரசியல் கணக்கு இருந்தது.

படி 7: கட்டுரை

கட்டுரையில் மூன்று குரல்களை வாசகருக்குக் கலக்காமல் காட்ட வேண்டும்: வேதம் சொல்வது, வரலாறு சொல்வது, நீங்கள் நினைப்பது. எழுதும்போது மூன்று வண்ணப் பேனாவால் அடிக்கோடிடுங்கள். உங்கள் வண்ணம் மற்ற இரண்டையும் மூழ்கடித்திருந்தால் திரும்ப எழுதுங்கள்.

இந்த அதிகாரத்தில் பெயர்கள் வழுக்கிவிடும். இந்த ஏரோது முதலாம் அகிரிப்பா. பெத்லகேம் பிள்ளைகளைக் கொன்ற ஏரோது இவனுடைய தாத்தா. யோவான்ஸ்நானனைக் கொன்ற ஏரோது அந்திப்பா வேறு. அகிரிப்பா கி.பி. 41 முதல் 44 வரை யூதேயாவை ஆண்டான். அவன் மரணத்தை யூத வரலாற்றாசிரியர் ஜொசிப்பசும் எழுதியிருக்கிறார். யாக்கோபுகளும் இரண்டு பேர்: இரண்டாம் வசனத்தில் கொல்லப்பட்டவர் ஒருவர், 17ஆம் வசனத்தில் "யாக்கோபுக்கு அறிவியுங்கள்" என்று பேதுரு சொல்வது இன்னொருவரை. மரியாள் மாற்கு என்னும் யோவானின் தாய், இயேசுவின் தாய் அல்ல. இதில் ஒன்று தவறினால் கூர்மையான வாசகர் மீதிக் கட்டுரையையும் நம்ப மாட்டார்.

உயிரோடு இருப்பவர்களின் சாட்சியை எழுதினால் எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி அனுமதி வாங்குங்கள். மாற்றத்தைப் பெரிதாகக் காட்ட பழைய வாழ்க்கையைக் கறுப்பாக்காதீர்கள்.

படி 8: வெட்டுதல், வாசித்துக் காட்டுதல்

முதல் வரைவை ஒரு வாரம் மூடிவையுங்கள். பிறகு கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். கதை முழுமையாக இருந்தால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறை எடுத்திருக்கிறேன்.

அடுத்து, ஒரு பிள்ளையிடமும் ஒரு பெரியவரிடமும் சத்தமாக வாசியுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்க வேண்டாம். அவர்கள் எங்கே குறுக்கிட்டார்கள், எங்கே அசைந்தார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். குறுக்கிட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லி முடித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கேள்வியை வரைவுக்குள் கொண்டுவாருங்கள்.

அச்சிடவோ இணையத்தில் போடவோ போகிறீர்கள் என்றால் மேற்கோள் உரிமையைப் பாருங்கள். புதிய வேதாகம மொழிபெயர்ப்புகளுக்கும் பாடல்களுக்கும் பதிப்புரிமை இருக்கும். எத்தனை வசனம் எடுக்கலாம் என்பது பெரும்பாலும் வேதாகமத்தின் முன்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் உங்கள் முதல் பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

அந்த எட்டு வயதுப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு என் நாடகத்தைத் திருத்தினேன். இப்போது அது சிறையில் தொடங்குவதில்லை. மரியாளின் வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்காருகிறார்கள், ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ரோதை விளக்கேற்றிக்கொண்டே வந்து அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு தாண்டிப் போகிறாள். கடைசியில் கதவு திறந்து பேதுரு உள்ளே வரும்போது எல்லாரும் அவரைச் சுற்றிக்கொள்கிறார்கள். அவர் கையமர்த்திப் பேசி முடித்து, போகும்முன் அந்தக் காலி இடத்தைப் பார்க்கிறார். விளக்கு அங்கே அணைகிறது. கேள்வி கேட்ட பிள்ளைதான் ரோதையாக நடித்தாள்.